கயிறு அவிழும் நேரத்தில் எங்கே நிற்பது?

கேள்வி: வணக்கம் ஐயா. நானும் என் கணவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். வரும் நவம்பரில் மகளைப் பார்க்கச் சிட்னி போகிறோம். அங்கிருந்து நியூ கலிடோனியா வரை போய்வரும் எட்டு நாள் சொகுசுக் கப்பல் பயணத்துக்கு மகள் பதிவு செய்திருக்கிறாள். சர்குலர் கீ துறையிலிருந்து மாலை 5 மணிக்குப் புறப்பாடு. மகள் எங்களோடு வருகிறாள். மருமகனும் ஏழு வயதுப் பேரனும் கரையில் நின்று வழியனுப்புவார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்பு சிங்கப்பூரிலிருந்து ஒரு கப்பலில் போனோம். உணவுக்கூட வரிசையில் தட்டோடு நின்றுகொண்டிருந்தபோது, "அந்தக் கட்டடம் நகர்கிறதே" என்றார் என் கணவர். கப்பல் கிளம்பிவிட்டது என்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அந்த ஏமாற்றம் இன்னும் மனத்தில் இருக்கிறது. இந்த முறை தவறவிடக் கூடாது என்று நினைக்கிறேன். எங்கே நிற்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும்? எங்கள் அறைக்கு இடப்பக்கம் பால்கனி உண்டு. அதில் உட்கார்ந்தே பார்த்தால் போதாதா? கணவருக்கு முழங்கால் வலி, சர்க்கரை நோயும் உண்டு. கூட்டமும் இரைச்சலும் ஆகாது. "கப்பல் கிளம்புவதில் பார்க்க என்ன இருக்கிறது?" என்கிறார் அவர்.

– ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, காரைக்குடி

பதில்: அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் கணவர் கேட்டதற்கே முதலில் பதில் சொல்கிறேன். கப்பலில் 31 ஆண்டுகள் வேலை பார்த்த நானும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். பயணிகள் கப்பலில் அதிகாரியாக இருந்த ஆறு ஆண்டுகளிலும் புறப்பாட்டின்போது என் இடம் பின்பக்கக் கயிற்றுத் தளம். சரக்குக் கப்பலில் அது திறந்தவெளி. பயணிகள் கப்பலிலோ அது ஒரு பெரிய அறையைப் போல இருக்கும். மேலே கூரை, பக்கங்களில் கயிறு போவதற்கு விட்ட திறப்புகள். காதில் வாக்கி டாக்கி, கண் கயிற்றின் மேல். உலகத்தின் அழகான துறைமுகங்கள் பலவற்றை ஒரு சன்னல் அளவுத் திறப்பு வழியாகவே பிரிந்திருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு மனைவியோடு சிட்னியில் பயணியாக ஏறியபோதுதான் முதல் முறையாக மேலே நின்று முழுவதையும் பார்த்தேன். கீழே என் பழைய இடத்தில் வேறொருவர் கயிற்றை அவிழ்க்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கயிறாக நீரில் விழ விழ எனக்குத் தொண்டை அடைத்தது. நெடுநேரம் பேச முடியவில்லை.

பார்க்க நிறைய இருக்கிறது, அம்மா. ஆனால் அது வேடிக்கையாக நம் முன்னால் வந்து நின்று நடப்பதில்லை. ஏறக்குறைய இரண்டு மணி நேரம், அவசரமே இல்லாமல், பலர் சேர்ந்து செய்யும் ஒரு வேலை அது. இன்ன நேரத்தில் இன்னது நடக்கிறது என்று தெரிந்தால் கண் தானாக அங்கே போகும். தெரியாவிட்டால் எதுவுமே நடக்காதது போல இருக்கும். நீங்கள் சிங்கப்பூரில் வரிசையில் நின்றது உங்கள் தவறில்லை. இதைப் பயணிகளுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளப்போகிறது.

முதலில் சாப்பாட்டு விஷயத்தை முடித்துவிடுவோம். பல கப்பல்களில் இரவு உணவுக்கு இரண்டு அமர்வுகள் உண்டு. முதல் அமர்வு ஐந்தரை மணியை ஒட்டி வரும். உங்கள் கப்பல் மிக அழகான இடத்தைக் கடந்துகொண்டிருக்கும் நேரம் அது. எட்டு மணியை ஒட்டிய இரண்டாம் அமர்வையே மகளை இப்போதே கேட்டு வாங்கச் சொல்லுங்கள். உங்கள் கணவருக்கு அவ்வளவு நேரம் தாங்காது என்பதால் மூன்றரை மணிக்கே உணவுக்கூடத்தில் ஏதாவது சாப்பிடட்டும். அப்படியே இரண்டு ரொட்டித் துண்டும் ஒரு பழமும் தட்டில் எடுத்துக்கொண்டு மேல்தளத்துக்கு வந்துவிடலாம். அவருடைய மாத்திரைகள் எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். பெரிய பெட்டிகளைத் துறையிலேயே வாங்கிக்கொள்வார்கள். அவை அறைக்கு வந்து சேரச் சில சமயம் இரவாகிவிடும். பெட்டி வரவில்லையே என்று அறையில் காத்திருந்தே புறப்பாட்டைத் தவறவிடுகிறவர்கள் ஏராளம்.

அடுத்தது பாதுகாப்புப் பயிற்சி. 2012 ஜனவரி 13ஆம் தேதி இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். அந்தப் பயணத்தில் புதிதாக ஏறியிருந்த பலருக்கு அதுவரை பயிற்சியே நடந்திருக்கவில்லை. ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதுதான் அன்றைய விதி. 2015 ஜனவரி 1 முதல், புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்தியாக வேண்டும் என்று அது மாறியது. இப்போது பல கப்பல்களில் அறைத் தொலைக்காட்சியில் விளக்கப் படத்தைப் பார்த்துவிட்டு, உங்களுக்குக் குறித்த கூடுமிடத்துக்கு ஒருமுறை போய் அட்டையைக் காட்டினால் முடிந்துவிடும். ஏறியவுடன் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள். ஏழு குறுகிய ஒலி, பிறகு ஒரு நீண்ட ஒலி: அதுதான் அபாய அறிவிப்பு. இதை உங்கள் கணவருக்கும் மனப்பாடம் செய்து கொடுங்கள். கூடுமிடம் எது என்று தெரிந்த பிறகு மனம் கவலையில்லாமல் வேடிக்கை பார்க்கும்.

இனி, எங்கே நிற்பது. கப்பல் கிளம்பும்போது முக்கால்வாசிப் பேர் முன்பக்கத்துக்கும், நீச்சல்குளம் இருக்கும் மேல்தளத்துக்கும் போவார்கள். அங்கேதான் பாட்டும் ஒலிபெருக்கியும் இருக்கும். நீங்கள் பின்பக்கம் போங்கள். கப்பல் துறையை விட்டு விலகும்போது நாம் பார்க்க வேண்டியதெல்லாம் நமக்குப் பின்னால்தான் விரிகிறது. முன்னால் இருப்பது கடல். அது எட்டு நாளும் இருக்கும். சிட்னியில் இது இன்னும் பொருந்தும். கப்பல் கிழக்கே போகிறது. பாலமும் நகரமும் மேற்கே நிற்கின்றன. மாலைச் சூரியனும் அவற்றின் பின்னால்தான். நவம்பரில் அங்கே ஏழரை மணியளவில்தான் சூரியன் மறையும். ஆகவே துறைமுக வாயைத் தாண்டும் வரை உங்களுக்கு வெளிச்சம் இருக்கும்.

பெரும்பாலான கப்பல்களில் பின்பக்கம் இரண்டு மூன்று அடுக்குகளில் திறந்த தளங்கள் உண்டு. மிக உயரமானதைத் தேட வேண்டாம். எவ்வளவு உயரே போகிறோமோ அவ்வளவு காற்று. கரையும் பொம்மைபோலச் சிறுத்துவிடும். நடுவில் உள்ள தளமே நல்லது. நாலரை மணிக்கு முன்பே போனால் கைப்பிடிக் கம்பிக்குப் பக்கத்தில் நாற்காலி கிடைக்கும். உங்கள் கணவர் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் பார்க்கலாம். புடவைத் தலைப்பைப் பின் குத்திக்கொள்ளுங்கள். ஒரு சால்வை வேண்டும். நவம்பர் வெயில் சிட்னியில் மிகக் கடுமை. நம் ஊர் வெயிலுக்குப் பழகியவர்கள்தானே என்று இருந்துவிடாமல் தொப்பி போட்டுக்கொள்ளுங்கள். தொலைநோக்கி எடுத்துப் போவதானால் ஏழு அல்லது எட்டு மடங்கு பெருக்குவது போதும். அதற்கு மேல் போனால் கப்பலின் அசைவில் ஒன்றும் நிலைக்காது.

பால்கனி போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. அது ஒரு பக்கத்தை மட்டும்தான் காட்டும். ஆனால் உங்கள் பால்கனி இடப்பக்கத்தில் அமைந்ததில் ஒரு பெரும்பேறு இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஏறும்போதே ஒன்றைக் கவனியுங்கள். கப்பல் எந்தப் பக்கம் பார்த்துக் கட்டியிருக்கிறது? சர்குலர் கீ என்பது வடக்கே திறந்த ஒரு சிறு குடா. அதன் தென்கோடியில் படகுத்துறைகளும் ரயில் நிலையமும், கிழக்குக் கரையில் ஓபரா ஹவுஸ், மேற்குக் கரையில் உங்கள் கப்பல் நிற்கும் முனையம். 1960இல் திறந்த முனையம் அது. கப்பலின் மூக்கு – எங்கள் தூத்துக்குடிப் பக்கத்து மீனவர்கள் அணியம் என்பார்கள் – ரயில் நிலையத்தைப் பார்த்திருந்தால் உங்களுக்கு நல்ல காலம். அந்தக் கப்பல் பின்னோக்கியே வெளியேறி, நடுத்துறைமுகத்தில் திரும்பியாக வேண்டும். அணியம் வெளியே பார்த்திருந்தால் நேராகப் போய்விடும். திரும்பும் காட்சி கிடைக்காது. மற்றபடி நான் சொல்வதெல்லாம் இரண்டுக்கும் பொருந்தும்.

உச்சியில் பறக்கும் கொடிகளைப் பாருங்கள். நீலத்தின் நடுவே வெள்ளைச் சதுரம் இருந்தால், கப்பல் கடலுக்குப் புறப்படப் போகிறது, எல்லாரும் ஏறிவிடுங்கள் என்று பொருள். பாதி வெள்ளை, பாதி சிவப்பு இருந்தால் பைலட் ஏறிவிட்டார். துறைமுகத்தின் ஆழமும் நீரோட்டமும் தெரிந்த உள்ளூர் வழிகாட்டி அவர். கேப்டனுக்குப் பக்கத்தில் நின்று கடல் வரை கூட வருவார்.

பிறகு கயிறுகள். இதைத்தான் நான் மன்றாடிக் கேட்டுக்கொள்வேன்: கயிறுகளைப் பாருங்கள். அணியத்திலிருந்து சில, பின்பக்கத்திலிருந்து சில, கப்பல் முன்னும் பின்னும் நகராமல் எதிரெதிர்த் திசையில் இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங் கயிறுகள் சில. ஆள் மணிக்கட்டுப் பருமன் இருக்கும். கரையில் இரும்புக் குற்றிகளில் மாட்டியிருப்பார்கள். முறுக்கேறிய கயிறு அறுந்தால் குறுக்கே நிற்பவரை அடித்துப் போட்டுவிடும். அதனால் கரை ஆட்கள் அதை அணுகும் விதத்திலேயே ஒரு மரியாதை இருக்கும். முதலில் பாதிக் கயிறுகளை எடுத்துவிட்டு, கப்பலைப் பிடித்துவைக்கத் தேவையான மிகச் சிலவற்றை மட்டும் விடுவார்கள். "சிங்கிள் அப்" என்பது அதற்கான கட்டளை. அந்த நிலையில் எல்லாரும் சில நிமிடங்கள் சும்மா நிற்பதுபோல இருக்கும். கேப்டனும் பைலட்டும் குடாவுக்குள் வந்துகொண்டிருக்கும் படகு ஒதுங்கட்டும் என்று காத்திருப்பார்கள்.

அப்புறம் கப்பல் கயிற்றைத் தளர்த்தும். கரை ஆள் வளையத்தைத் தூக்கிக் குற்றியிலிருந்து கழற்றி நீரில் போடுவார். அது தொப்பென்று விழுந்து, ஈரம் சொட்டச் சொட்டக் கப்பலின் சுவரேறிப் போகும். பின்பக்கத்தில் இருக்கும் அதிகாரிக்கு அந்த அரை நிமிடம் நெஞ்சு படபடக்கும். கப்பலைத் தள்ளும் பெரிய விசிறி அவர் காலடியில்தான் இருக்கிறது. கயிறு நீரில் கிடக்கும்போது அது சுழன்றால் கயிற்றை உள்ளே இழுத்துச் சுற்றிக்கொள்ளும். கடைசி முழமும் தளத்துக்கு வந்த பிறகுதான் அவர் மேலே சொல்வார்: "ஆல் கான் அண்ட் கிளியர்." அந்தச் சொல்லை நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் சொல்லி முடித்த பிறகுதான் மூச்சு விடுவேன்.

கடைசிக் கயிறு விழுந்ததும் கீழே எட்டிப் பாருங்கள். கப்பலுக்கும் கரைச் சுவருக்கும் இடையில் தண்ணீர் கொதிப்பதுபோலப் புரளும். கப்பலின் அடியில் குறுக்கே பொருத்திய விசிறிகள் நீரைத் தள்ளுகின்றன. காலடியில் ஒரு நடுக்கம் தெரியும். முதலில் ஒரு சாண் இடைவெளி. பிறகு ஒரு முழம். பிறகு ஒரு ஆள் உயரம். அதுவரை கட்டடமாக இருந்தது அந்த ஒரு சாணில் கப்பலாகிவிடுகிறது. புறப்பாடு என்றால் எனக்கு அதுதான். அந்த ஒரு சாணைப் பார்க்காமல் மீதி எவ்வளவு அழகைப் பார்த்தாலும் ஒரு குறை இருக்கும்.

இவ்வளவும் சத்தமில்லாமல், குலுக்கல் இல்லாமல் நடக்கும். அதனால்தான் உணவு வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியவில்லை. நகர்கிறோமா என்று சந்தேகம் வந்தால் கரையில் ஒரு விளக்குக் கம்பத்தையும் அதற்குப் பின்னால் தொலைவில் ஒரு கட்டடத்தின் விளிம்பையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் விலகத் தொடங்கினால் நாம் நகர்கிறோம். நாங்களும் நங்கூரம் பிடித்திருக்கிறதா என்று அப்படித்தான் பார்ப்போம்.

பேரனைப் பற்றி. முனையத்தின் பக்கம் நின்று அவன் கையசைத்தால் இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாது. அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால் வெள்ளைச் சுவர்தான். மருமகன் அவனை எதிர்க்கரைக்கு, ஓபரா ஹவுஸைச் சுற்றி நீரோரமாக ஓடும் நடைபாதையின் வடமுனைக்கு அழைத்துப் போகட்டும். கப்பல் அந்த முனையைச் சுற்றித்தான் கடலுக்குப் போக வேண்டும். அவ்வளவு தூரத்திலிருந்து முகம் தெரியாது. வண்ணத் துணி தெரியும். அவனிடம் ஒரு மஞ்சள் துண்டு, உங்களிடம் ஒரு சிவப்புத் துண்டு. எந்தத் தளம், எந்தப் பக்கம் என்று கைப்பேசியில் சொல்லிவிட்டு இருவரும் அசைக்கத் தொடங்குங்கள். கண்டுபிடித்த கணத்தில் அவன் குதிப்பது உங்களுக்குத் தெரியும்.

அந்தக் காலத்தில் இதே துறையில் பயணிகள் வண்ணக் காகிதச் சுருள்களின் ஒரு நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு மறு நுனியைக் கரைக்கு எறிவார்கள். கரையில் நிற்கும் உறவினர் அதைப் பிடித்துக்கொள்வார். கப்பல் விலக விலகச் சுருள் அவிழ்ந்து, நீண்டு, ஒரு கட்டத்தில் அறுந்துபோகும். நூற்றுக்கணக்கான சுருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக அறுவதைப் படங்களில் பார்த்திருக்கிறேன். அன்று கப்பல் ஏறியவர்களில் பலர் திரும்பி வர ஆண்டுகள் ஆகும். சிலர் வரவே மாட்டார்கள். கடலில் எதையும் எறியக் கூடாது என்பதால் இன்று அந்த வழக்கம் இல்லை. துண்டை அசையுங்கள், போதும்.

கப்பல் பின்னோக்கிப் போகிறதென்றால் மூன்று குறுகிய ஒலிகள் கேட்கலாம். "என் எஞ்சின் பின்னோக்கி இயங்குகிறது" என்று சுற்றியுள்ள படகுகளுக்குச் சொல்லும் மொழி அது. ஒரு குறுகிய ஒலி வலப்பக்கம் திரும்புகிறேன் என்பதற்கு, இரண்டு இடப்பக்கம் என்பதற்கு. ஐந்து முறை விடாமல் ஊதினால், "உன் எண்ணம் எனக்குப் புரியவில்லை" என்று யாரோ ஒரு பாய்ப்படகுக்காரரை எச்சரிக்கிறார்கள். சனி, ஞாயிறு என்றால் சிட்னித் துறைமுகம் முழுக்கப் பாய்கள்தான். அவற்றுக்கு நடுவே இவ்வளவு பெரிய கப்பலைக் கொண்டுபோவதைப் பார்க்க எனக்கு இன்றும் கை வியர்க்கும். ஊதல் அடிவயிற்றில் அதிரும். பெரிய கப்பலுக்குத் தாழ்ந்த சுருதிதான் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. உங்கள் கணவருக்கு இரைச்சல் ஆகாது என்பதால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். திடீரென்று கேட்டால் தூக்கிவாரிப் போடும்.

குடாவை விட்டு வெளியே வந்ததும் கப்பல் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே திரும்பும். நீங்கள் பின்பக்கம் இருப்பதால் ஹார்பர் பாலம் மெல்ல நகர்ந்து உங்கள் நேரெதிரே வந்து நிற்கும். 1932 மார்ச் 19ஆம் தேதி திறந்த பாலம். அதன் வளைவு 503 மீட்டர் அகலத்தைத் தாண்டுகிறது. உச்சி கடல் மட்டத்திலிருந்து 134 மீட்டர். வளைவின் மேல் எறும்புச் சாரை போல மனிதர்கள் ஏறுவது தொலைநோக்கியில் தெரியும். பாலத்துக்குக் கீழே இருக்கும் இடைவெளி 49 மீட்டர் அளவுதான். உயரம் குறைந்த கப்பல்கள் அதன் அடியில் புகுந்து மேற்கே வைட் பே முனையத்துக்குப் போகும். உயரமானவை எல்லாம் உங்கள் துறையில்தான்.

அதே திருப்பத்தில் ஓபரா ஹவுஸ் கப்பலின் முன்புறமாகச் சுற்றி வலப்பக்கத்துக்கு வந்துவிடும். பால்கனியில் இருந்திருந்தால் இங்கே அதை இழந்திருப்பீர்கள். டென்மார்க்கைச் சேர்ந்த யோர்ன் உட்சான் வடிவமைத்து 1973இல் திறந்த கட்டடம். படங்களில் அதன் கூரை ஒரே வெள்ளையாகத் தெரியும். உண்மையில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஓடுகள் பதித்தது. சில பளபளக்கும் வெள்ளை, சில மங்கிய பாலேட்டு நிறம். கப்பல் நகர நகர ஒளி ஒரு கூரையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். ஓரிடத்தில் நின்று படம் எடுப்பவர்களுக்கு அது கிடைக்காது. மஞ்சள் துண்டையும் மறந்துவிடாதீர்கள்.

அதற்குப் பிறகு கடல்வாய் வரை ஏறக்குறைய ஒரு மணி நேரம். வலப்பக்கம் ஃபோர்ட் டெனிசன் என்ற சின்னக் கல்தீவு வரும்; 1857இல் கட்டி முடித்த கோட்டை. அதன் உருண்டைக் கோபுரத்தை நன்றாகப் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். பிறகு கடற்படைத் தளம். இப்போது எழுந்து, முடிந்தால் இடப்பக்கக் கைப்பிடிக்கு வாருங்கள். உங்கள் கணவர் களைத்திருந்தால் இந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் பால்கனிக்குப் போய்விடலாம். பெரும்பேறு என்று சொன்னேனே, அது இதுதான்.

டரோங்கா விலங்குக்காட்சி சாலையைத் தாண்டியதும் பிராட்லீஸ் ஹெட் என்ற முனை நீட்டிக்கொண்டிருக்கும். அதன் மேல் மரங்களுக்கு முன்னால் மூன்று கால் வைத்த ஓர் எஃகுக் கம்பம் நிற்கும். எச்.எம்.ஏ.எஸ். சிட்னி என்ற போர்க்கப்பலின் பாய்மரக் கம்பம் அது. 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசி எரித்த ஜெர்மன் கப்பல் எம்டனை, அதே ஆண்டு நவம்பர் 9ஆம் தேதி கோகோஸ் தீவருகே அடித்து நொறுக்கிய கப்பல் இந்தச் சிட்னிதான். "அவன் சரியான எம்டன்" என்று நம் வீடுகளில் இன்றும் சொல்கிறோம். எம்டனின் குண்டு விழுந்த இடத்தின் நினைவாகச் சென்னை உயர்நீதிமன்றத்தின் கிழக்குச் சுவரில் கல்வெட்டு இருக்கிறது. அந்தக் கதையின் மறுபாதி இங்கே, உங்கள் பால்கனிக்கு எதிரில் நிற்கிறது. ஆஸ்திரேலியக் கடற்படைக் கப்பல்கள் இந்த முனையைக் கடக்கும்போது எல்லாரும் நிமிர்ந்து நின்று மரியாதை செய்கிறார்கள். நான் முதலில் பார்த்த அன்று என் பாட்டியை நினைத்துக்கொண்டேன். எம்டன் வந்தபோது பட்டணமே காலியானதைக் கதை கதையாகச் சொன்னவர் அவர். நீங்கள் போவதும் நவம்பரில்தான்.

அதே முனையின் கீழே நீரோரத்தில் ஒற்றைக் கல்தூண் ஒன்று நிற்கும். இடித்துவிட்ட பழைய தபால் தலைமையகத்தின் தூண். ஃபோர்ட் டெனிசன் கோபுரத்திலிருந்து சரியாக ஒரு கடல் மைல். அந்த இரண்டுக்கும் இடையே ஓடவிட்டு, எடுத்த நேரத்தைக் கொண்டு கப்பல்களின் வேகத்தைக் கணித்தார்கள். உங்கள் கணவர் கடிகாரத்தைப் பார்த்து உங்கள் கப்பலின் வேகத்தைக் கணிக்கலாம். ஒரு கடல் மைலுக்கு 1,852 மீட்டர். ஆறு நிமிடம் பிடித்தால் மணிக்குப் பத்துக் கடல் மைல், அதாவது பத்து நாட். ஆசிரியராக இருந்தவருக்கு இது பிடிக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

முனையைச் சுற்றியதும் காற்று மாறும். மீண்டும் பின்பக்கம் வந்து பாலத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். விரைவில் மலைத்தோள்கள் மறைத்துவிடும். பிறகு இரண்டு பாறைத் தலைகளுக்கு நடுவே கடல் திறக்கும். வலப்பக்கம் தெற்குத் தலையின் நுனியில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட குட்டை விளக்கு, ஹார்ன்பி. 1857 ஆகஸ்டில் டன்பார் என்ற பாய்க்கப்பல் இரவு மழையில் வாயைத் தவறவிட்டு அருகிலிருந்த பாறையில் மோதியது. 121 பேர் இறந்து ஒரே ஒருவர் பிழைத்தார். அடுத்த ஆண்டு இந்த விளக்கை ஏற்றினார்கள். இந்த வாயைக் கடக்கும்போது கப்பல் ஓட்டுகிறவர்கள் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள்.

இங்கேதான் முதல் அலை வந்து தூக்கும். அதுவரை குளம்போல் இருந்த நீர் திடீரென்று மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கும். பயப்பட ஒன்றுமில்லை. ஆட்டத்தைக் குறைக்கக் கப்பலின் இரு பக்கமும் துடுப்புபோன்ற தகடுகளை நீருக்குள் நீட்டுவார்கள். தலை சுற்றுவதுபோல இருந்தால் அடிவானத்தைப் பாருங்கள். கைப்பேசியைப் பார்க்க வேண்டாம். குமட்டலுக்கான மாத்திரையை அலை வந்த பிறகு போட்டுப் பயனில்லை, முன்பே போட வேண்டும். உங்கள் கணவரின் மற்ற மாத்திரைகளோடு அது ஒத்துப்போகுமா என்று காரைக்குடியிலேயே மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.

இந்த நேரத்தில் தளத்தில் இருந்தவர்கள் கலைந்துவிடுவார்கள். நீங்கள் இருங்கள். இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. பக்கவாட்டில் ஒரு சிறு படகு வந்து கப்பலோடு சேர்ந்து ஓடத் தொடங்கும். பைலட் என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். எந்தப் பக்கம் காற்று மறைவாக இருக்கிறதோ அந்தப் பக்கம் வரும். கேப்டன் கப்பலைக் கொஞ்சம் திருப்பி அந்த மறைவை உண்டாக்கித் தருவார். ஆனால் கப்பல் நிற்காது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு கதவு திறக்கும், கயிற்றேணி தொங்கும். பைலட் அதில் இறங்கி, படகு அலையில் மேலே வரும் நொடிக்காகக் காத்திருந்து, காலை எடுத்து வைப்பார். ஒரே ஓர் அடிதான். என் ஊரில் பைலட்டாக இருந்த நண்பர் ஒருவர், அந்த ஓர் அடிக்குத்தான் தமக்குச் சம்பளம் என்பார். பைலட் நல்லபடியாகப் படகுக்குள் போய்ச் சேர்ந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புறப்பாடு முடிந்ததாகத் தோன்றும். கையசையுங்கள், பெரும்பாலும் திருப்பி அசைப்பார்கள்.

படகு வளைந்து சிட்னிப் பக்கம் திரும்பி, நுரை மட்டும் தெரிந்து, அதுவும் மறையும். அப்போது மணி ஏழை நெருங்கியிருக்கும். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எட்டு மணிக்கு உணவுக்கூடத்துக்குப் போங்கள். வரிசை இருக்காது.